ஒரு கீறல் கிடையாது

வாங்க சார், வாங்க. ரகோத்தமன் சார்தானே? போன்ல பேசினது நான்தான். ஆவுடையப்பன், நம்பிராஜனோட அப்பா. தள்ளாதீங்க சார், திறக்காது. மரக் கதவு என் கையில, கம்பிக் கதவு அவங்க கையில. வெளிய பூட்டிட்டுப் போயிருக்காங்க. சாவி மகன்ட்ட ஒண்ணு, மருமகட்ட ஒண்ணு. அதனால என்ன? நான் உள்ள இருக்கேன், நீங்க வெளிய இருங்க, பேசுறதுக்கு என்ன தடை? அந்தச் செருப்பு ஸ்டாண்டை இழுத்துப் போட்டு உக்காருங்க. தாங்கும் சார், நல்ல பலகை. நான் இந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிடுதேன்.

காப்பி குடுக்க முடியலையேன்னுதான் சங்கடமா இருக்கு. டம்ளர் கம்பிக்குள்ள நுழையாது. முயற்சி பண்ணிப் பாத்திருக்கேன்.

சாயங்காலம் வாங்கன்னுதான் அவன் உங்களுக்குச் சொல்லியிருக்கான், தெரியும். நான்தான் முந்திக்கிட்டேன். மருமக சுகந்தி உங்க நம்பரை பிரிட்ஜ் மேல எழுதி ஒட்டி வச்சிருந்தா, 'கார்டு வாங்க வருபவர்'னு. அதைப் பாத்துத்தான் கூப்பிட்டேன். அவங்க வாரதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு விஷயம் தனியா சொல்லணும். நீங்க விவரம் தெரிஞ்சவரு. வருஷக்கணக்கா இந்த கிரிக்கெட் அட்டை சேக்கிறவரு. என் மகன்ட்ட நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கறை பட்ட அட்டைக்கு மதிப்பு கிடையாதுன்னு சொல்லணும். அவ்வளவுதான். நான் சொன்னா சிரிக்கான். நீங்க சொன்னா கேப்பான்.

இருங்க, முதல்ல சரக்கைப் பாருங்க. பாத்துட்டுப் பேசுங்க.

டப்பா கம்பி வழியா வராது. ஒவ்வொண்ணா நீட்டுதேன். ஓரத்தைப் பிடிச்சு வாங்குங்க. இந்தா, இது மேற்கிந்தியத் தீவுக்காரன். இவன் பந்து போடுறவனா, அடிக்கிறவனா, எனக்குத் தெரியாது. எனக்கு கிரிக்கெட்டே தெரியாது சார். ஆனா அட்டையைப் பாருங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. மூலை மழுங்கியிருக்கா? நிறம் போயிருக்கா? ஒரு கீறல் கிடையாது. இது இங்கிலாந்துக்காரன். தொப்பியில இருக்கிற சிங்கம்கூடத் தெளிவாத் தெரியுது. ஒரு கீறல் கிடையாது.

பிரிக்காண்டாம் சார்! கவரோட பாருங்க, கவரோட. அது பிரிக்கிற கவர் இல்ல. நாலு பக்கமும் மூடினது. நானே செஞ்சது. அப்போ நான் திருநெல்வேலியில பஸ் டிப்போ ஸ்டோர்ல கீப்பர். பேரிங் வார பாலிதீன் கவரை அளவா வெட்டி, உள்ள அட்டையை வச்சு, விளிம்பை ஹேக்சா பிளேடுல இடுக்கிக்கிட்டு மெழுகுவத்தியில காட்டினா, ஒட்டிக்கிடும். காத்துகூட உள்ள போகாது. அப்படித்தான் அத்தனையும் ஒட்டினேன். ராத்திரி முழுக்க முழிச்சு இல்ல, பட்டப்பகல்ல, லீவு போட்டு.

ஸ்டோர் கீப்பர்னா என்ன வேலைன்னு நிறையப் பேருக்குத் தெரியாது. குடுக்கிற வேலைன்னு நினைக்காங்க. இல்ல, வச்சுக் காப்பாத்துற வேலை. மெக்கானிக்குங்க தினம் வந்து நிப்பாங்க, அது குடு, இது குடுன்னு. கிரீஸ் கையோட ரேக்கைத் தொடுவாங்க. விட மாட்டேன். ஒரு முன்விளக்குக் கண்ணாடி, புதுசா வந்துது. கேட்டாங்க, பழசையே மாட்டி ஓட்டுங்கன்னுட்டேன். நான் ரிட்டயர் ஆகுற அன்னைக்கு அந்தக் கண்ணாடி வந்தப்ப எப்படி இருந்துதோ அப்படியே இருந்துது. அந்த மாடல் பஸ்ஸே அப்போ ரோட்டுல கிடையாது. கண்ணாடி மட்டும் புத்தம் புதுசு. மேடையில வச்சு எல்லாரும் பாராட்டினாங்க. கைதட்டினாங்க. சிரிச்சாங்களோ என்னவோ, எனக்குக் கைதட்டுதான் கேட்டுது.

அட்டைக்கு வாரேன். நம்பிராஜன் அப்போ சின்னப் பய. அந்தச் சமயம் பப்பிள்கம் வாங்கினா உள்ள ஒரு கிரிக்கெட்காரன் படம் அட்டையில வரும். உங்களுக்குத் தெரியாததா? நீங்களும் அந்த வயசுதானே. தெருப் பயலுக எல்லாம் பைத்தியமா அலைஞ்சாங்க. வாங்குறதோட விட்டாப் பரவாயில்ல. அதைத் தரையில போட்டு உள்ளங்கையால ஓங்கி அடிப்பாங்க. திரும்பி விழுந்தா அடிச்சவனுக்கு. புழுதி, எச்சி, டவுசர் பை, புளியங்காய், எல்லாம் அதுல. எனக்குப் பாத்தா வயிறு எரியும். ஒரு பொருள் வந்த மேனிக்கு இருக்க வேண்டாமா?

இருந்தாலும் நான் முதல்ல ஒண்ணும் சொல்லல. அந்த சரஸ்வதி பூஜை வரைக்கும் ஒண்ணும் சொல்லல.

பூஜைக்குப் புத்தகத்தை எல்லாம் அடுக்கி வைப்போம்லா? இவன் கணக்குப் புத்தகத்துக்கு மேல ஒரு அட்டையைக் கொண்டு வச்சுட்டான். மீசைக்காரன் ஒருத்தன், நியூசிலாந்தோ என்னவோ. பயலுக்கு அந்த மீசைக்காரன்னா உயிர். என் வீட்டுக்காரி கோமதி இருக்காளே, எடுத்துத் தூரப் போட வேண்டாமா? 'பிள்ளைக்கு அதுவும் ஆயுதம்தானே'ன்னு சொல்லிட்டு, சந்தனத்தைத் தொட்டு அந்த மீசைக்காரன் நெத்தியில வச்சா. சந்தனத்து மேல குங்குமம். வெள்ளைக்காரன் சம்பந்தி வீட்டுக்கு வந்தவன் மாதிரி பொட்டு வச்சுக்கிட்டு நிக்கான்! அவளும் பயலும் விழுந்து விழுந்து சிரிக்காங்க. சுண்டல் தட்டைப் பிடிக்க முடியாம சிரிக்காங்க.

எனக்குச் சிரிப்பு வரல. பொருள் கெட்டுப் போச்சே சார். சொல்லுங்க, கெட்டுப் போச்சா இல்லையா?

நான் சும்மா இருக்கல. மறுநாள் புத்தகம் எடுத்த உடனே அந்த அட்டையை எடுத்து, துணியில மண்ணெண்ணெய் தொட்டு, பையத்தான் துடைச்சேன். பொட்டு போகல, ஓரம் பரவிட்டு. இன்னும் கொஞ்சம் துடைச்சேன். மீசைக்காரனுக்கு மூஞ்சி பாதி போயிட்டு. பய பாத்துக்கிட்டே நின்னான். அழுதாக்கூட ஒரு அடி போட்டு நிறுத்தியிருப்பேன். அழவே இல்ல. அப்போதான் எனக்கு ஒரு வைராக்கியம் வந்துது. ஒண்ணு கெட்டுட்டு, மத்ததையாவது காப்பாத்தணும்னு. அத்தனையையும் வாங்கி, கழுவித் துடைக்க முடியாததால பஞ்சால தட்டி, கவர் போட்டு, மெழுகுவத்தி காட்டி ஒட்டி, பீரோவுல பாச்சை உருண்டையோட வச்சுப் பூட்டிட்டேன். சாவி என் அரைஞாண்ல.

'ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிடுதேம்ப்பா'ன்னு கொஞ்ச நாள் கேட்டான். ஞாயித்துக்கிழமை கையைக் கழுவிட்டு வா, காட்டுதேன்னு சொல்லுவேன். காட்டவும் செஞ்சேன். பெறவு கேக்கிறதை விட்டுட்டான். ஞாயித்துக்கிழமைகூட வரல. பொறுப்பு வந்துட்டு பயலுக்குன்னு நான் எல்லார்ட்டயும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அந்தக் கெட்டுப் போன அட்டையைக் குப்பையில போட்டேன். கோமதி எடுத்துப் பயட்ட குடுத்துட்டா போல. எனக்குத் தெரியாது. அது டவுசர் பையில கிடந்து, மடிஞ்சு, பின்னால இங்க்ல பேரு எழுதி... சவம், இன்னும் இருக்கு சார்! இன்னும் வச்சிருக்கான்! அவன் பர்ஸ்ல, ஏடிஎம் கார்டு வைக்கிற இடத்துல.

இதான் என் வயித்தெரிச்சல். நான் கண்ணை இமை காக்கிற மாதிரி காத்த அத்தனையையும் விக்கான். ஒரு வருத்தம் இல்லாம விக்கான். 'இடத்தை அடைக்குப்பா'ன்னு சொல்லுதான். அந்தக் கறை பட்டதை மட்டும் விக்க மாட்டானாம். அட்டை சேக்கிறவங்க வாட்ஸ்அப் குரூப்பு, உங்க குரூப்பு, அதுல படம் போட்டானாமே? சாப்பிடும்போது சிரிச்சுக்கிட்டே சொன்னான். என் அட்டையைப் பாத்து எல்லாரும் 'நல்ல கண்டிஷன்'னு ஒரு வார்த்தை எழுதிட்டுப் போயிட்டாங்களாம். அந்தக் கறை பட்டதைப் போட்டதும்தான் ஆளாளுக்கு, இது எப்படி ஆச்சு, என்ன கதைன்னு கேட்டாங்களாம். நீங்களும் கேட்டீங்களோ?

கேட்டீங்களா. சரி.

நீங்க சொல்லுங்க, உங்க வீட்ல ஒரு வேட்டி வாங்குறீங்க, கறை இருந்தா அழகுன்னு வாங்குவீங்களா? மாம்பழம் வாங்குறீங்க, புள்ளி விழுந்தா... சரி, மாம்பழம் வேற. மாம்பழத்துக்குப் புள்ளி விழணும். அதை விடுங்க.

என்ன? ஏன் பூட்டிட்டுப் போறாங்கன்னா கேக்கீங்க? அது பாசம் சார். தப்பா நினைக்காதீங்க. கோமதி தவறின பெறவு நான் இங்க வந்தேன். முதல்ல எல்லாம் திறந்துதான் இருந்துது. காலையில இறங்கி முனைக் கடையில டீ குடிப்பேன், ஆட்டோக்காரங்களோட பேசிக்கிட்டு இருப்பேன். ஒருநாள் மழை. சாக்கடை மூடியில கால் வழுக்கி விழுந்துட்டேன். முழங்கையில சிராய்ப்பு, வேட்டி எல்லாம் சேறு. ஆட்டோக்காரங்கதான் தூக்கிக் கொண்டாந்து விட்டாங்க. நம்பி ஆபீஸ்லருந்து ஓடி வந்தான். டெட்டால் போட்டுத் துடைச்சான், துடைச்சான், தோலே போற மாதிரி துடைச்சான். மறுநாள் இந்தக் கம்பிக் கதவுக்குப் பூட்டு வந்துட்டு. 'இனிமே உங்க மேல ஒரு கீறல் பட விட மாட்டேம்ப்பா'ன்னான். எந்த மகன் சார் சொல்லுவான்? வேளைக்குச் சாப்பாடு மேசையில மூடி இருக்கும். மாத்திரை பிரிச்சு இருக்கும். ஞாயித்துக்கிழமை கைபிடிச்சு மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போவான். வேற என்ன வேணும் எனக்கு?

ஆனா இந்தப் பகல் இருக்கே சார், அதுதான் கழியவே மாட்டேங்குது. ஜன்னல்ல நின்னா எதிர் பில்டிங்கு ஜன்னல். டிவியைப் போட்டா ஒரே சத்தம். கூரியர்காரன் வருவான், கம்பி வழியா நீட்டுவான், ரெண்டு வார்த்தை கேப்பேன், அதுக்குள்ள படி இறங்கிருவான். அந்தப் பயகிட்ட உங்க ஊர் எதுப்பான்னு கேட்டு, அவன் பதில் சொல்லுறதுக்குள்ள கால் சத்தம் கீழ கேக்கும். சில நாள் நான் என் குரல் சரியா இருக்கான்னு பாக்க சத்தமா ஏதாவது சொல்லிப் பாப்பேன். ஸ்டோர்ல இருந்த சாமான் பேரு எல்லாம் சொல்லுவேன். கிளட்ச் பிளேட்டு, பிரேக் லைனிங்கு...

நீங்க கைக்கடிகாரத்தைப் பாக்காதீங்க. இந்தா முடிக்கப் போறேன்.

உங்களைக் கூப்பிட்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. முதல்ல சொல்ல வரல. ஆனா நீங்க பொறுமையா உக்காந்து கேக்கீங்க, அதனால சொல்லுதேன்.

அந்தக் கறை பட்ட அட்டையில, பொட்டு வச்ச இடத்துல, கோமதியோட விரல் ரேகை தெரியுதாம். நம்பிதான் சொன்னான். குங்குமம் சந்தனத்துல அமுங்கி, சுழி சுழியா, அப்படியே பதிஞ்சு இருக்காம். நான் துடைச்சது ஒரு ஓரம். நடுவுல அவ விரல் அப்படியே இருக்காம்.

எங்கிட்ட அவ சாமான் எல்லாம் இருக்கு சார். கல்யாணப் பட்டு இருக்கு, ஒரு சுருக்கம் கிடையாது. விசேஷத்துக்கு விசேஷம் எடுப்பா, 'நல்லதுக்கு வச்சுக்கிடு, இப்போ கைத்தறியைக் கட்டு'ன்னு சொல்லி உள்ள வைக்கச் சொல்லிருவேன். கண்ணாடி வளையல் பெட்டியோட இருக்கு. மோந்து பாத்தா எல்லாத்துலயும் பாச்சை உருண்டை வாசம்தான். அவ வாசம் ஒண்ணுலயும் இல்ல. அந்தா, ஹால்ல மாலை போட்டிருக்கே, அதான் அவ. ஸ்டூடியோவுல நல்லா செய்யணும்னு சொல்லி, மூக்குப் பக்கத்துல ஒரு மச்சம் உண்டு அவளுக்கு, அதை எடுத்துருங்கன்னேன். சுத்தமா எடுத்துட்டான். நல்ல வேலைக்காரன். ஆனா பாத்துக்கிட்டே இருந்தா வேற யாரோ மாதிரி இருக்கு. மத்தியானம் எல்லாம் அந்தப் படத்துக்கு எதிர்லதான் உக்காந்திருக்கேன். யாரோ ஒரு பொம்பிளையோட உக்காந்திருக்கிற மாதிரி கூச்சமா இருக்கு.

அதனால ஒருநாள் நம்பிட்ட கேட்டேன். 'லே, அந்த அட்டையைக் கொஞ்சம் குடு, பாத்துட்டுத் தாரேன்.' என்ன சொன்னான் தெரியுமா? 'வேண்டாம்ப்பா, நீங்க துடைச்சிருவீங்க.'

சத்தம் போட்டுச் சொல்லல. மரியாதையாத்தான் சொன்னான். பர்ஸை மூடிச் சட்டைப் பைல வச்சுக்கிட்டான். எனக்குக் கோவம் வந்துது. பெறவு கோவம் போயிட்டு, வருத்தம்தான் இருந்துது. இன்னும் இருக்கு. என் பொண்டாட்டி விரலை நான் தொட்டுப் பாக்கக் கூடாதா சார்? நான் ஏன் துடைக்கப் போறேன்? ரொம்ப அழுக்கா இருந்தா ஓரத்தை மட்டும் லேசா... இல்ல. துடைக்க மாட்டேன்.

அதனால நீங்க சாயங்காலம் வரும்போது, அந்த அட்டையைக் காட்டச் சொல்லுங்க. விலை பேசுற மாதிரி கேளுங்க. உங்க கைல குடுப்பான். குடுத்ததும் பாக்கிற மாதிரி பாத்துட்டு, 'பெரியவரே, நீங்களும் பாருங்க'ன்னு என் பக்கம் நீட்டிருங்க. ஒரு நிமிஷம் போதும். உங்க முன்னால பிடுங்க மாட்டான்.

என்ன யோசிக்கீங்க? ...போன்ல இருக்கா? அவன் குரூப்புல போட்ட படமா? எங்க, காட்டுங்க. கம்பிக்குப் பக்கத்துல கொண்டாங்க. என் கண்ணாடி... இந்தா போட்டுட்டேன்.

அட. மீசைக்காரன். பாதி மூஞ்சியோட நிக்கான், பாவம். பெருசாக்க முடியுமா? ஆங். இன்னும் கொஞ்சம்.

...இதான் அவ விரல். மோதிர விரல். மோதிர விரலாலதான் வைப்பா. இந்தக் கோடு பாருங்க, குறுக்க. அருவாமனை வெட்டினது. தக்காளி அரியும்போது வெட்டிக்கிட்டு, மஞ்சளை வச்சு அமுக்கிக்கிட்டு, 'ஒண்ணுமில்ல, நீங்க கிளம்புங்க'ன்னா. நான் மறந்தே போயிட்டேன் சார். மறந்தே போயிட்டேன்.

ஐயோ, எங்க போச்சு? தொட்டதும் ஓடுது. திரும்பக் கொண்டாங்க. நீங்க பிடிச்சுக்கிடுங்க, நான் அசைக்க மாட்டேன். மேல விரலை வச்சுக்கிடுதேன், அவ்வளவுதான். குளுந்து கிடக்கு. கண்ணாடிதானே, குளுந்துதான் இருக்கும்.

பயப்படாதீங்க சார், பயப்படாதீங்க! அது கேமரா. கதவுக்கு மேல மூலையில வெள்ளையா இருக்கு பாருங்க. நம்பிதான் ஆபீஸ்லருந்து பேசுதான். அப்பப்போ எட்டிப் பாப்பான்.

என்னப்பா? ஆமா, ரகோத்தமன் சார்தான். சும்மா, நான்தான் கூப்பிட்டேன். இல்லப்பா, பிரிக்கல, எல்லாம் கவரோடதான் இருக்கு. இல்ல, சாயல. வேட்டியில துரு படல. ...அது சும்மா போன்ல ஏதோ காட்டினாரு. ஒண்ணுமில்லப்பா. சரி. சரிப்பா. மரக் கதவையும் சாத்திக்கிடுதேன்.

கேட்டீங்களா சார்? கம்பியில சாயாதீங்க, துரு ஒட்டிரும்ங்கான். அவ்வளவு வேலைக்கு நடுவுல! அப்படியே என்னைக் கொண்டு பொறந்திருக்கான். வேற யாரையும் சொல்ல முடியாது. அப்படியே என்னைக் கொண்டு...

உங்களைச் சாயங்காலமே வரச் சொல்லுதான். அந்த அட்டையை மட்டும் கேக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னான். விக்கிறதுக்கு இல்லையாம். எடுத்தும் வர மாட்டானாம்.

சரி சார். கிளம்புங்க. அந்த ரெண்டு அட்டையை நீட்டுங்க, உள்ள வச்சிருதேன். ஓரத்தைப் பிடிச்சு... ஆங்.

நில்லுங்க, நில்லுங்க. உங்க போன் கண்ணாடியில என் விரல் பட்டு அழுக்காயிட்டு. தலைக்கு எண்ணெய் தேச்ச கை. பாருங்க, வெளிச்சத்துல எவ்வளவு அசிங்கமாத் தெரியுதுன்னு. கொண்டாங்க, வேட்டி நுனியால ஒரு இழுப்பு இழுத்தா...

இல்ல சார். வேண்டாம். கைக்குட்டையை உள்ள வைங்க. துடைக்காண்டாம். அப்படியே பையில போட்டுக்கிட்டுப் போங்க.

இந்தா, சாத்துதேம்ப்பா. உள்ளதானே இருக்கேன்.